ஷாங்காயின் கஞ்சித்தொட்டியும் விசா வரிசையும்

கேள்வி இது: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யூத அகதிகளுக்கு உதவிய நிவாரண அமைப்புகள் நடைமுறையில் என்ன செய்தன? பணம் அனுப்பியதோடு சரியா, இல்லை, அந்த மக்கள் ஓர் ஊரில் நிலையாகக் குடியமரும் வரை கூடவே இருந்தார்களா?

பெரும்பாலும் குடியமர்த்தும் எண்ணத்தோடுதான் கிளம்பினார்கள். நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்ததால், சோறு போட்டு உயிரைக் காக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். குடியமர்த்தும் வேலை போர் முடிந்த பிறகும் ஐந்தாறு ஆண்டுகள் இழுத்தது. ஐரோப்பா முழுவதையும் வைத்துப் பேசினால் இது பிடிபடாது. அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: சீனாவின் ஷாங்காய். நான் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்துவரும் ஊர் அது. நிவாரணம் என்ற சொல்லுக்குள் கரி விலை, கடன் பத்திரம், பாய்லர், கோட்டா எண் என்று எத்தனை விஷயங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை அங்கேதான் தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் பின்னணி. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பிவரும் யூதர்களை என்ன செய்வது என்று பேசின. ஆளுக்கு ஆள் அனுதாபம் தெரிவித்தார்கள். பெரிய எண்ணிக்கையில் ஏற்கிறோம் என்று முன்வந்தது டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான். அங்கே சொசுவா என்ற இடத்தில் பண்ணை வைத்துக் குடியமர்ந்தவர்கள் கடைசியில் சில நூறு பேர்தான். எவியான் முடிந்த நான்கே மாதத்தில், நவம்பர் 9 இரவு, ஜெர்மனியெங்கும் யூதக் கடைகளும் தொழுகைக் கூடங்களும் அடித்து நொறுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆண்களைப் பிடித்து டாஹாவ், பூகன்வால்ட், சாக்சன்ஹவுசன் வதைமுகாம்களில் அடைத்தார்கள். நாட்டை விட்டுப் போவதற்கான ஆதாரத்தைக் காட்டினால் விடுவிக்கலாம் என்றார்கள். அந்த ஆண்களின் மனைவிகளும் தாய்மார்களும் தூதரகம் தூதரகமாக அலைந்தார்கள். ஆதாரம் என்றால் விசாவோ கப்பல் டிக்கெட்டோ வேண்டும். எந்த நாட்டுக்கு?

விசா இல்லாமல் இறங்கக்கூடிய துறைமுகம் உலகத்தில் ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஷாங்காயின் ஒரு பகுதி சர்வதேசக் குடியிருப்பு என்ற பெயரில் அந்நியர் நிர்வாகத்தில் இருந்தது, இன்னொரு பகுதி பிரெஞ்சுக்காரர்களிடம். 1937இல் சீனப் பகுதிகளை ஜப்பான் பிடித்துக்கொண்ட பிறகு, துறைமுகத்தில் கடவுச்சீட்டு பார்க்கும் அதிகாரம் யாருடையது என்பதே குழப்பமாகிவிட்டது. அதனால் யாரும் பார்க்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் ஏறத்தாழ 17,000 முதல் 20,000 பேர் உயிர் தப்பினார்கள். வியன்னாவில் சீனத் துணைத்தூதராக இருந்த ஹோ ஃபெங்-ஷான் ஆயிரக்கணக்கில் விசா எழுதிக் கொடுத்தார். இறங்குவதற்கு விசா தேவையில்லாத ஊருக்கு எதற்கு விசா என்று தோன்றும். ஜெர்மானிய அதிகாரிகளிடம் காட்டிச் சிறையிலிருந்து ஆளை மீட்கவும், எல்லையைக் கடக்கவும் அந்த முத்திரை போதுமானதாக இருந்தது. அந்த விசாவைப் பெற்றவர்கள் எல்லோரும் ஷாங்காய்க்கே போனதாகவும் இல்லை. விசாவைக் காட்டி வெளியே வந்து வேறு திசையில் போனவர்களும் உண்டு.

இத்தாலியிலிருந்து கோன்டே வெர்டே, கோன்டே பியாங்காமானோ போன்ற கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியே பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று நின்று நின்று ஷாங்காய் போய்ச் சேரும். ஏறக்குறைய நான்கு வாரப் பயணம். அப்படியானால் நம் பக்கத்துத் துறைமுகங்களைக் கடந்துதான் இவர்கள் போனார்கள். ஜெர்மனி ஒருவரைப் பத்தே பத்து மார்க் பணத்தோடுதான் வெளியே விட்டது. சாமான்களில் விலை உயர்ந்த கோட், பெட்டி நிறைய வெள்ளைத் துணி, பியானோ கூட வைத்திருப்பார்கள். கையில் காசிருக்காது. நேற்று வரை டாக்டராகவும் வக்கீலாகவும் கடை முதலாளியாகவும் இருந்தவர்கள், ஷாங்காயில் இறங்கியதும் லாரியில் ஏறி நின்றபடி அகதி முகாமுக்குப் போனார்கள்.

அவர்களை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் யார் என்றால், ஷாங்காயில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த யூதர்கள். இதில் இந்தியத் தொடர்பு ஒன்று இருக்கிறது. பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்து பருத்தியிலும் அபினி வணிகத்திலும் செல்வம் சேர்த்த சசூன் குடும்பம் ஷாங்காயில் கால் பதித்து, ஆற்றங்கரையில் பெரும் கட்டடங்களை எழுப்பியிருந்தது. விக்டர் சசூன் தன் எம்பாங்க்மென்ட் ஹவுஸ் கட்டடத்தில் ஒரு தளத்தை வந்திறங்குவோருக்காகத் திறந்துவிட்டார். கடூரி குடும்பத்தின் ஹோராஸ் கடூரி அகதிக் குழந்தைகளுக்காகப் பள்ளிக்கூடமே நடத்தினார். டச்சுக்காரரான மிஷேல் ஸ்பீல்மன் தலைமையில் ஒரு குழு பணம் திரட்டியது. ஹங்கேரிக்காரரான பால் கோமோர் நடத்திய இன்னொரு குழு, காகிதமில்லாத மனிதர்களுக்கு அடையாள அட்டை அச்சடித்துக் கொடுத்தது. எந்த அரசும் கொடுக்காத அட்டை, ஒரு தனிக்குழு கொடுத்த அட்டை. ஆனாலும் அதை வைத்துத்தான் பலர் தங்களை யார் என்று நிரூபித்தார்கள்.

தங்க இடம் ஹோங்கியூ பகுதியில் கிடைத்தது. 1937 சண்டையில் குண்டு விழுந்து பாதி இடிந்து கிடந்த இடம் அது, அதனால் வாடகை குறைவு. வார்ட் ரோடு என்ற தெருவில் பழைய படைக்குடியிருப்பு ஒன்றை 1939 ஜனவரியில் முகாமாக்கினார்கள். இந்த முகாம்களை 'ஹைம்' என்றே அகதிகள் அழைத்தார்கள். ஜெர்மன் மொழியில் 'இல்லம்' என்று பொருள். நீளக் கூடத்தில் அடுக்குக் கட்டில்கள், இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரு போர்வைத் திரை. கையில் கொஞ்சம் பணமோ தொழிலோ இருந்தவர்கள் சந்து வீடுகளில் அறை எடுத்து, காபிக் கடையும் தையல் கடையும் ரொட்டிக் கடையும் வைத்தார்கள். குட்டி வியன்னா என்று அந்தத் தெருக்களுக்குப் பெயர் வந்தது. இந்தப் பெயரை வைத்து எழுதப்படும் இனிப்பான கட்டுரைகள் எனக்கு உறுத்தும். காபிக் கடை நடத்தியவர்கள் ஒரு பகுதி, முகாமை விட்டு எழவே முடியாமல் போனவர்கள் இன்னொரு பகுதி. சுற்றிலும் வாழ்ந்த சீனர்களின் நிலை இவர்களுடையதைவிடவும் மோசம். போரில் வீடிழந்து வந்த சீன அகதிகள் குளிர்காலத்தில் தெருவிலேயே இறந்து கிடந்ததை இந்த அகதிகள் தங்கள் நினைவுகளில் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் அதே சந்துகளில் இடம் விட்டு ஒதுங்கிக் கொடுத்தவர்கள் அந்தச் சீனர்கள்தான்.

இப்போது நிவாரண அமைப்பு. அமெரிக்க யூதர்கள் 1914இல் தொடங்கிய ஜாயின்ட் டிஸ்ட்ரிபியூஷன் கமிட்டி, எல்லோரும் ஜாயின்ட் என்றே சொல்வார்கள், நியூயார்க்கிலிருந்து ஷாங்காய்க்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. உள்ளூர்க் குழுக்களால் தாங்க முடியாத அளவுக்கு ஆட்கள் பெருகியதும் அந்தப் பணமே முதுகெலும்பானது. ஆனால் கணக்கும் நிர்வாகமும் எப்படி நடக்கின்றன என்று நியூயார்க்குக்குத் தெரியவில்லை. 1941 மே மாதம் லாரா மார்கோலிஸ் என்ற பெண்மணி ஷாங்காயில் வந்து இறங்கினார். 1903இல் கான்ஸ்டான்டினோபிளில் பிறந்து அமெரிக்காவின் ஒஹாயோவில் வளர்ந்தவர், சமூகப்பணியை முறையாகப் படித்தவர். அதற்கு முன் கியூபாவின் ஹவானாவில் ஜாயின்ட்டுக்காக வேலை பார்த்தார். 1939 மே மாதம் 937 பயணிகளோடு வந்த செயின்ட் லூயி கப்பலை ஹவானாவில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பியபோது அவர் அங்கேதான் இருந்தார். ஐரோப்பாவுக்குத் திரும்பிய அந்தப் பயணிகளில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள். கரையிலிருந்து அந்தக் கப்பலைப் பார்த்த ஒருவர் அடுத்த ஊரில் என்ன மனநிலையோடு வேலை தொடங்கியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கவனியுங்கள், மார்கோலிஸ் ஷாங்காய்க்கு வந்தது சோறு போட அல்ல. அகதிகளின் அமெரிக்க விசா விண்ணப்பங்களைச் சீர்படுத்தி, போகக்கூடியவர்களை வேகமாக அனுப்பிவைக்க. அதாவது குடியமர்த்தத்தான் வந்தார். அவர் வந்த அடுத்த மாதமே அமெரிக்கா விதிகளை இறுக்கியது. ஜெர்மனியின் பிடியில் நெருங்கிய உறவினர் இருந்தால் விசா கிடையாது, உறவினரைப் பணயமாக வைத்து உளவு பார்க்கச் சொல்வார்களாம். விண்ணப்பங்கள் எல்லாம் வாஷிங்டனுக்குப் போய்த்தான் முடிவாக வேண்டும் என்றும் ஆனது. ஹோங்கியூவில் யாருக்குத்தான் பெர்லினிலோ வியன்னாவிலோ ஒரு தாயோ தங்கையோ இல்லை? வந்த வேலை ஒரே மாதத்தில் கையை விட்டுப் போனது. லித்துவேனியாவில் ஜப்பானியத் துணைத்தூதராக இருந்த சுகிஹாரா முன்பு கொடுத்த விசாக்களோடு ஜப்பானின் கோபே நகரம் வரை வந்து மாட்டிக்கொண்ட போலந்து யூதர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரும் அதே ஆண்டில் ஷாங்காய்க்கு அனுப்பப்பட்டார்கள். வெளியே போகிறவர் இல்லை, உள்ளே வருகிறவர் அதிகம்.

சரி, அப்போது அவர் பார்வை சமையற்கூடத்தின் பக்கம் திரும்பியது. ஒரு நாளைக்குச் சுமார் 8,000 பேர் நிவாரண உணவை நம்பியிருந்தார்கள். அதில் 2,500 பேர் முகாம்களிலேயே வாழ்ந்தார்கள். நம் ஊரில் பஞ்சகாலத்தில் கஞ்சித்தொட்டி வைப்பதுபோல, பெரிய அண்டாக்களில் சமைத்துக் கொடுக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு அண்டாவுக்கும் கீழே தனி அடுப்பு, பழைய பாணி. கரியின் சூட்டில் பெரும்பகுதி கூரைக்கும் காற்றுக்கும் போனது. போரினால் ஷாங்காயில் நிலக்கரி விலை ஏறிக்கொண்டே இருந்தது. மனிதன் வயிற்றுக்குப் போக வேண்டிய காசு அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. மார்கோலிஸ் நியூயார்க்குக்கு எழுதிய அறிக்கைகளில் உள்ளூர்க் குழுவின் நிர்வாகத்தைப் பற்றிக் கடுமையாகவே சொன்னார். நல்ல மனம் படைத்த செல்வந்தர்கள் ஓய்வு நேரத்தில் நடத்தும் தர்மகாரியம், ஆயிரக்கணக்கான பேருக்கு ஆண்டுக்கணக்கில் உணவிடும் நிர்வாகமாக மாறவில்லை என்பது அவர் கவலை. அவருக்கு உதவியாக 1941 இறுதியில் மானுவேல் சீகல் வந்தார்.

டிசம்பர் 8 காலை, பேர்ல் துறைமுகத் தாக்குதலோடு, ஜப்பானியப் படை சர்வதேசக் குடியிருப்புக்குள் நுழைந்தது. ஒரே நாளில் எல்லாம் புரண்டது. மார்கோலிஸும் சீகலும் எதிரி நாட்டுக் குடிமக்கள். சசூன், கடூரி போன்ற பாக்தாத் யூதர்களில் பலர் பிரிட்டிஷ் குடிமக்கள், அவர்கள் சொத்தும் முடங்கியது. அமெரிக்காவிலிருந்து பணம் வர வழியில்லை. அகதிகளுக்கோ நாடே இல்லை, இரண்டு வாரத்துக்கு முன்தான், நவம்பர் 25 அன்று, வெளிநாட்டில் வாழும் யூதர்களின் குடியுரிமையை ஜெர்மனி ஒட்டுமொத்தமாகப் பறித்திருந்தது. சமையற்கூடத்தில் இருந்த கையிருப்பு சில நாள் தாங்கும்.

போர் மூண்டால் என்ன செய்வது என்று மார்கோலிஸ் முன்கூட்டியே நியூயார்க்கைக் கேட்டு, உள்ளூரில் கடன் வாங்கிக்கொள்ள ஒரு தந்தி ஒப்புதலைப் பெற்றிருந்தார். ஆறு மாதத்துக்கு 1,80,000 டாலர் வரை கடன் வாங்கலாம், போர் முடிந்ததும் ஜாயின்ட் திருப்பித் தரும். ஆனால் ஜப்பானியர் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் புரட்ட முடியாது. யூத விவகாரங்களுக்குப் பொறுப்பான கடற்படை அதிகாரி கேப்டன் இனுசுகா, யூதர்கள் உலகையே ஆட்டிவைக்கிறார்கள் என்ற கட்டுக்கதையை மனதார நம்பியவர். சசூனின் ஹோட்டலிலேயே அறை எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் இந்தப் பெண் நேராகப் போனார். ஆயிரக்கணக்கான பேர் பட்டினியில் கலவரம் செய்தால் நகரத்தைப் பிடித்தவர்களுக்கும் தலைவலிதான் என்பது அவர் வாதம். இனுசுகா ஒப்புக்கொண்டார். யூதர்களுக்குப் பெரிய செல்வாக்கு உண்டு என்ற அந்த ஆளின் மூடநம்பிக்கையே இந்த இடத்தில் சோற்றுக்கு வழிவிட்டது.

இந்தக் கடன் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கொடுப்பவர் இன்று ரொக்கம் தருகிறார். கைக்கு வருவது, எதிரி நாட்டில் இருக்கும் ஓர் அமைப்பு போருக்குப் பின் டாலரில் தரும் என்ற ஒரு பெண்ணின் வாக்கு. போர் எப்போது முடியும், யார் ஜெயிப்பார்கள், அந்த அமைப்பு அப்போது இருக்குமா, எதுவும் தெரியாது. அப்படியும் கொடுத்தார்கள். ரஷ்யாவிலிருந்து முன்பே வந்து ஷாங்காயில் தொழில் செய்த யூதர்கள் இதில் முன்னால் நின்றார்கள். சோவியத் ஒன்றியமும் ஜப்பானும் அப்போது சண்டையில் இல்லாததால் அவர்கள் பணம் முடங்கவில்லை. இதே முறையை ஜாயின்ட் போலந்திலும் பிரான்சிலும் கையாண்டது, போருக்குப் பின் அந்த வகைக் கடன்களை அடைத்தது. போர்க்கால நிவாரணத்தில் எல்லையைத் தாண்டிப் பணம் போனது என்று படிக்கிறோமே, பல இடங்களில் பணம் தாண்டவே இல்லை. வாக்குறுதிதான் தாண்டியது.

கடன் வாங்கிய காசைக் கரியில் எரிப்பதா? மார்கோலிஸ் அடுப்பையே மாற்ற முடிவு செய்தார். லெவன்ஸ்பீல் என்ற பொறியாளர் நீராவிப் பாய்லர்களைத் தேடிப் பிடித்துப் புதிய சமையற்கூடத்தை அமைத்தார். ஓரிடத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியைக் குழாய் வழியே எல்லா அண்டாக்களுக்கும் செலுத்துவது. பத்து அடுப்பு எரிய வேண்டிய இடத்தில் ஒரு உலை போதும், உணவு அடிப்பிடிக்காது, புகை கிடையாது. கரிச் செலவு பெருமளவு குறைந்தது. போருக்கு நடுவே, பொருள் எதுவும் கிடைக்காத ஊரில், எதிரியின் கண்காணிப்பில் இருந்துகொண்டு இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ஆயிரம் சொற்பொழிவுகளைவிட அந்த இரும்புப் பாய்லர்கள் அதிக உயிரைக் காத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். கூடவே நிர்வாகத்தையும் மாற்றினார். முகாம் அகதிகளே பொறுப்பெடுத்து நடத்தும் குழுவாக அது மாறியது. பின்னால் அது சமையல் நிதி என்ற பெயரில், அவர் இல்லாதபோதும், ஓடியது.

அவர் இல்லாத காலம் விரைவிலேயே வந்தது. அதற்கு முன் ஒரு கசப்பான விஷயம். எதிரியின் பிடியிலுள்ள பகுதியோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்ற அமெரிக்கச் சட்டத்தை மதித்து, 1942 நடுவில் நியூயார்க் தலைமை ஷாங்காயோடு தொடர்பையே நிறுத்திக்கொண்டது. தந்தி வராது, பதில் வராது. உணவு பெறுவோர் எண்ணிக்கையை ஏறக்குறைய பாதியாக வெட்ட வேண்டி வந்தது. யாருக்குச் சோறு, யாருக்கு இல்லை என்று பட்டியல் எடுத்துக் கோடு போட்டவர் மார்கோலிஸ்தான். சமூகப்பணி படித்த எவரும் கனவிலும் விரும்பாத வேலை அது. தலைமையின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, போரில் இருக்கும் நாட்டில் சட்டத்தை மீறிய யூத அமைப்பு என்று பெயர் வந்தால் மற்ற இடங்களின் உதவியும் நின்றுபோகும் என்று பயந்தார்கள். ஆனாலும் அரசிடம் போய் அடித்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஏனென்றால் 1943 டிசம்பரில் அதே அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்காக ஒன்றரை ஆண்டு போனது.

1943 பிப்ரவரியில் ஜப்பானியர் மார்கோலிஸை, எதிரி நாட்டவரை வைத்திருந்த சாபெய் முகாமில் அடைத்தார்கள். அதற்கு முன்பே கையில் எழுத்துப் பட்டையோடு, எதிரி என்ற அடையாளத்தோடு நடமாடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் கைதிகள் பரிமாற்றத்துக்கான தெயா மாரு கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் வந்து நின்ற இடம் கோவாவின் மர்மகோவா துறைமுகம். போர்ச்சுகலின் கையில் இருந்ததால் அது நடுநிலை மண். அங்கே அக்டோபரில் ஜப்பானியக் கைதிகளை ஏற்றிவந்த கிரிப்ஸ்ஹோம் கப்பலுக்கு மாறி, டிசம்பரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஓய்வெடுக்கவில்லை. அடுத்த ஆண்டே ஐரோப்பாவுக்குக் கிளம்பினார், போருக்குப் பின் பிரான்சில் ஜாயின்ட் பணிக்குத் தலைமை தாங்கினார், பிறகு இஸ்ரேலில் குடியேறினார். 1997இல் காலமானார்.

ஷாங்காயில் நிலைமை இறுகியது. 1943 பிப்ரவரி 18 அன்று ஜப்பானியர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். 1937க்குப் பின் வந்த நாடற்ற அகதிகள் மே 18க்குள் ஹோங்கியூவில் ஏறக்குறைய ஒரு சதுர மைல் பகுதிக்குள் குடிபோக வேண்டும். யூதர் என்ற சொல் அந்த அறிவிப்பில் கிடையாது, ஆனால் யாரைச் சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முள்வேலி இல்லை. வெளியே போய் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும், அதைக் கொடுப்பவர் கோயா என்ற அதிகாரி. தன்னை யூதர்களின் ராஜா என்று சொல்லிக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களை அறைந்தும் அவமதித்தும் அனுப்புவார். பட்டணத்தின் மறுபக்கம் கடை வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். நிவாரணத்தை நம்பும் கூட்டம் மறுபடி பெருத்தது. அந்த நேரத்தில் சுவிட்சர்லாந்து வழியே ஜாயின்ட் பணம் வரத் தொடங்கியது. அது வராமல் போயிருந்தால் 1944ஐ எப்படிக் கடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அப்படியும் நோயிலும் ஊட்டக்குறைவிலும் ஷாங்காய் ஆண்டுகளில் இறந்த அகதிகள் ஆயிரத்துக்கும் மேல். 1945 ஜூலை 17 அன்று அமெரிக்க விமானங்கள் ஹோங்கியூவில் போட்ட குண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அகதிகளும், அதைப்போலப் பல மடங்கு சீனர்களும் இறந்தார்கள். அகதி டாக்டர்கள் அன்று இரு தரப்புக் காயங்களுக்கும் கட்டுப் போட்டார்கள்.

போர் முடிந்தது. செஞ்சிலுவைச் சங்கம் வழியாகவும் மற்ற வழிகளிலும் ஐரோப்பாவில் உயிர் பிழைத்தவர்களின் பட்டியல்கள் வந்து சுவரில் ஒட்டப்பட்டன. அதைப் பார்த்த பிறகுதான், ஷாங்காயில் தாங்கள் பட்டது எவ்வளவு சிறியது என்பதே அவர்களுக்குப் புரிந்தது. திரும்பிப் போக வீடில்லை, வீட்டில் இருக்க ஆளில்லை. 1941இல் மார்கோலிஸ் எந்த வேலைக்காக வந்தாரோ அந்த வேலை அப்போதுதான் உண்மையில் தொடங்கியது. ஜாயின்ட்டின் ஷாங்காய் அலுவலகத்துக்குச் சார்லஸ் ஜோர்டன் வந்தார். ஐநாவின் நிவாரண அமைப்பும் கைகொடுத்தது. உணவும் துணியும் மருந்தும் இப்போது தாராளமாக வந்தன. கிடைக்காதது நாடு.

இதில் மிகக் கொடுமையானது கோட்டா கணக்கு, அதாவது எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை இடம் என்று அமெரிக்கா வைத்திருந்த ஒதுக்கீடு. அமெரிக்கா அப்போது ஒருவர் எங்கே வாழ்ந்தார் என்று பார்க்கவில்லை, எங்கே பிறந்தார் என்று பார்த்தது. ஜெர்மனியில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 25,000க்கும் மேல் இடம். போருக்கு முன் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியபோது இரண்டு கோட்டாவும் ஒன்றானது. போருக்குப் பின் பிரித்தபோது ஆஸ்திரியாவுக்கு ஆண்டுக்கு 1,413 இடம், அதுவும் உலகெங்கும் உள்ள எல்லா ஆஸ்திரியர்களுக்கும் சேர்த்து. ஒரே முகாமில், ஒரே அண்டாவில் எட்டு வருடம் சாப்பிட்டவர்களில் பெர்லினில் பிறந்தவர் 1947இல் கப்பல் ஏறினார், வியன்னாவில் பிறந்தவர் வரிசையில் நின்றார். கணவன் ஒரு கோட்டா, மனைவி இன்னொன்று என்ற சிக்கலையெல்லாம் ஜாயின்ட் அலுவலகத்தில் காகிதம் காகிதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். உத்தரவாதக் கடிதம் கொடுக்க அமெரிக்காவில் உறவினரைத் தேடுவது, மருத்துவச் சோதனை, கப்பல் இடம், பயணச் செலவு எல்லாம் அவர்கள் வேலை. பெர்லினிலிருந்து 13 வயதில் ஷாங்காய் வந்து, 1947இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிய மைக்கேல் புளூமென்தால் பின்னாளில் அமெரிக்காவின் நிதித்துறைச் செயலாளரானார்.

ஆஸ்திரேலியாவும் கதவைக் கொஞ்சம் திறந்தது. 1947 ஜனவரியில் ஹ்வா லியென் என்ற கப்பல் சில நூறு பேரோடு சிட்னி போனதும் அங்கே பத்திரிகைகளிலும் அரசியலிலும் கூச்சல் எழுந்தது. உடனே ஒரு கப்பலில் யூதப் பயணிகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. கிடைத்த கப்பலில் கிடைத்த இடங்களை அதன்படிப் பிரித்துக் கொடுக்க வேண்டியது மறுபடி நிவாரணப் பணியாளர்கள்தான். 1948இல் இஸ்ரேல் உருவானதும் பெரிய கூட்டம் அங்கே கிளம்பியது. சீன உள்நாட்டுப் போர் ஷாங்காயை நெருங்கிக்கொண்டிருந்ததால் அவசரம் இரட்டிப்பானது.

1949 மே மாதம் கம்யூனிஸ்ட் படை நகரத்துக்குள் வந்தபோது இன்னும் சிலர் மிச்சமிருந்தார்கள். வயதானவர்கள், நோயாளிகள், கோட்டா எண் வராதவர்கள். 1950இல் அவர்களில் நூற்றுச் சொச்சம் பேர் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ வரை வந்துவிட்டார்கள். அமெரிக்க விசா இல்லாததால் இறங்கி நடமாட அனுமதி கிடைக்கவில்லை. பூட்டிய ரயிலில், காவலர் துணையோடு, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுபோனார்கள். தங்களை வரவேற்கக் காத்திருந்த உறவினர்கள் வாழும் நாட்டை அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அப்புறம் நியூயார்க்கில் இன்னொரு கப்பல். அது அவர்களைக் கொண்டுபோய் இறக்கியது ஜெர்மனியில், பத்து மார்க்கோடு அவர்களை வெளியே அனுப்பிய அதே நாட்டில், மறுபடி ஓர் அகதி முகாமில்.